பூ விலைப் பலகையும் ஓடிப்போகிற கர்சரும்: டெர்மினலில் எழுத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது எப்படி?

தோவாளைப்பிச்சி · சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். தோவாளை பூச்சந்தையில் எங்கள் மாமாவுக்குக் கமிஷன் கடை இருக்கிறது. விடியற்காலையில் வியாபாரம் சூடு பிடித்தால் விலை நிலையாக நிற்காது. இதுவரை கரும்பலகையில் சாக்பீஸால் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார். ஓணம் நெருங்குகிறது, கேரளத்து வியாபாரிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானல, ஒரு போர்டு செஞ்சு தா" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் கிடந்த பழைய மானிட்டரையும் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு கையடக்கக் கணினியையும் எடுத்தேன். கல்லாவில் இருக்கும் பையன் கைபேசியிலிருந்து ஒரு கோப்பில் விலையை மாற்றுவான். என் பைத்தான் நிரல் ஐந்து வினாடிக்கு ஒருமுறை அதைப் படித்து, எழுத்து மட்டும் காட்டும் கட்டளை ஜன்னலான டெர்மினலில் அச்சிடும். பிரச்சினை இதுதான்: ஒவ்வொரு முறையும் பட்டியல் கீழே கீழே ஓடுகிறது. திரையைத் துடைக்கும் கிளியர் கட்டளையைக் கூப்பிட்டுப் பார்த்தேன், திரை பளிச் பளிச்சென்று வெட்டுகிறது. மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு, சாக்பீஸே போதும் என்கிறார். வரித்தொடக்கத்துக்குத் திரும்பும் \r போட்டால் ஒரே ஒரு வரிதான் சரியாகிறது, எனக்கு ஒன்பது வரி வேண்டும்.

கல்லூரியில் சி மொழியில், கர்சரைச் சொன்ன இடத்துக்கு நகர்த்த, கோட்டுஎக்ஸ்ஒய் என்று ஒன்று படித்த ஓர்மை. அது இங்கே கிடைக்குமா?

பழையடர்போ · சனி, இரவு 10:15

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை நாளாகிறது! நாகர்கோவிலில் இருபது வருடம் கம்ப்யூட்டர் லேபில் நின்றவன் நான். நீல நிற டர்போ சி திரையில் கோட்டுஎக்ஸ்ஒய் போட்டு நடுவில் பெயர் எழுதாத மாணவன் கிடையாது.

தம்பி, அது சி மொழியின் சொத்து அல்ல. போர்லாண்ட் நிறுவனம் தங்கள் டர்போ சியின் கோனியோ தலைப்புக் கோப்பில் வைத்துக் கொடுத்த சரக்கு. டாஸ் என்ற அந்தக் காலத்து இயங்குதளத்தில் திரை என்பது நினைவகத்தில் ஒரு துண்டு. 80 நெடுவரிசை, 25 வரி, எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட், மொத்தம் 4000 பைட். அந்த நினைவகத்தில் நேராகக் கைவைத்து எழுதலாம். லினக்ஸில் அந்தக் கதை நடக்காது. வேறு வழி இருக்கிறது, அதை விவரமாகச் சொல்ல எனக்குப் பொறுமை போதாது. யாராவது வருவார்கள்.

முப்பந்தல்காற்று · சனி, இரவு 11:02

வந்துவிட்டேன் சார்.

தம்பி, உன் நிரலுக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கம்பியின் இந்த முனையில் அது எழுத்துகளைப் போடுகிறது, அந்த முனையில் டெர்மினல் வாங்கிக்கொள்கிறது. கர்சரை நகர்த்தும் கட்டளையும் அதே கம்பி வழியாக எழுத்தோடு எழுத்தாகத்தான் போக வேண்டும். "இது எழுத்து அல்ல, கட்டளை" என்று டெர்மினலுக்குச் சொல்வது எஸ்கேப் என்ற 27ஆம் எழுத்து. எட்டை அடியாகக் கொண்ட எண் முறையில் 033, அதனால்தான் எல்லோரும் \033 என்று எழுதுகிறார்கள்.

கைபேசியில் தமிழ் விசைப்பலகைதான் வைத்திருக்கிறேன், அதனால் குறியீட்டை உச்சரிக்கிற மாதிரியே எழுதுகிறேன். நடுவில் இருக்கும் இடைவெளி படிப்பதற்குத்தான், நிரலில் விடாதே.

எஸ்கேப் [ 5 ; 20 பெரிய எச்

இதை அனுப்பினால் கர்சர் 5ஆம் வரி, 20ஆம் நெடுவரிசைக்குப் போய் நிற்கும். எண் இல்லாமல் எஸ்கேப் [ எச் என்று மட்டும் அனுப்பினால் இடது மேல் மூலைக்குப் போகும். அங்கிருந்து மேலே ஏ, கீழே பி, வலப்பக்கம் சி, இடப்பக்கம் டி. முன்னால் எண் போட்டால் அத்தனை கட்டம் நகரும். பெரிய கே போட்டால் கர்சரிலிருந்து வரியின் கடைசி வரை அழியும். பெரிய ஜே போட்டால் திரையின் கடைசி வரை அழியும். 2 ஜே முழுத் திரையையும் துடைத்துவிடும்.

இந்த முறைக்கு எக்மா-48 என்ற தரம் 1976இலேயே வந்தது. 1978இல் டிஇசி நிறுவனத்தின் விடி100 டெர்மினல் வந்த பிறகு ஊரெல்லாம் இதையே பிடித்துக்கொண்டது. 24 வரி, 80 நெடுவரிசை. இன்றைக்கு நீ திறக்கிற டெர்மினல் ஜன்னல் அந்தப் பெட்டியைப் போல நடிக்கிற ஒரு நிரல்தான்.

இப்போது உன் பளிச் பளிச். திரையைத் துடைப்பதற்கும் மறுபடி எழுதுவதற்கும் நடுவில் ஒரு கணம் திரை காலியாக இருக்கிறது, கண்ணில் குத்துவது அதுதான். அதனால் துடைக்காதே. மூலைக்குப் போ, பழைய எழுத்தின் மேலேயே எழுது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கே போட்டு மிச்சம் இருக்கிற வாலை நறுக்கு. மொத்தத்தையும் ஒரே சரமாகச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பு.

முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தபோது மடிக்கணினியை சீரியல் கேபிளில் மாட்டி 9600 பாட், அதாவது வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டோடு சேர்த்து 10 பிட், வினாடிக்கு 960 எழுத்து. 80 பெருக்கல் 24 என்றால் 1920 எழுத்து. முழுத் திரையையும் மறுபடி வரைய இரண்டு வினாடி! ஆடிக் காற்றில் கோபுரத்தடியில் நின்று அந்த இரண்டு வினாடியைப் பார்த்திருந்தால், தேவையில்லாமல் ஒரு கட்டத்தைக்கூட மறுபடி எழுத மனம் வராது.

தோவாளைப்பிச்சி · ஞாயிறு, காலை 7:20

அண்ணே, ரொம்ப நன்றி. இரண்டு இடத்தில் இடறினேன்.

ஒன்று, விலை எல்லாம் திரையின் கீழே போய் விழுந்தது. 20ஆம் வரி, 5ஆம் நெடுவரிசை! கல்லூரிப் பழக்கத்தில் நெடுவரிசையை முன்னால் எழுதிவிட்டேன். மாற்றினேன், சரியாகிவிட்டது.

இரண்டு, நிரலை ஓட்டினால் இரண்டு நிமிடம் போலத் திரையில் ஒன்றுமே இல்லை. அப்புறம் திடீரென்று மொத்தமாக வருகிறது. பை சூடாகி மந்தமாகிவிட்டதோ?

பழையடர்போ · ஞாயிறு, காலை 8:05

முதல் இடறலுக்கு எங்கள் லேப்தான் காரணம், மன்னித்துவிடு. கோட்டுஎக்ஸ்ஒய்யில் நெடுவரிசை முதலில், வரி பிறகு. எஸ்கேப் வரிசையில் வரி முதலில். போதாக்குறைக்கு எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதிலும் ஊருக்கு ஒரு நியாயம். எஸ்கேப் வரிசையும் கோட்டுஎக்ஸ்ஒய்யும் 1இலிருந்து எண்ணும். கட்டளைகளைத் தட்டுகிற ஷெல்லில் டிபுட் கப் என்ற கட்டளை 0இலிருந்து எண்ணும். விண்டோஸின் பழைய கன்சோல் செயற்கூறும் 0இலிருந்து, அதிலும் நெடுவரிசைதான் முதலில். எதைத் தொட்டாலும் முதல் நாள் ஒரு கட்டம் தள்ளித்தான் விழும்.

முப்பந்தல்காற்று · ஞாயிறு, காலை 8:30

பை மேல் பழி போடாதே. டெர்மினலுக்கு எழுதும்போது பைத்தான் ஒரு வரி முடிகிறவரை எழுத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கும். முன்பு பிரிண்ட் தானாகப் புதுவரி போட்டது, உடனே வெளியே வந்தது. இப்போது நீ கர்சரை எச் மூலமாக நகர்த்துகிறாய், புதுவரியே இல்லை. பிடித்து வைத்தது எட்டாயிரத்துச் சொச்சம் பைட் ஆன பிறகுதான் கொட்டும். பிரிண்டில் ஃப்ளஷ் என்பதை உண்மை என்று கொடு, அல்லது எழுதி முடித்ததும் ஃப்ளஷ் செய், பிடித்து வைத்தது உடனே வெளியே வந்துவிடும்.

குழித்துறைமாணவி · ஞாயிறு, காலை 10:12

நடுவில் புகுந்து கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் புராஜெக்டில் இதே மாதிரி நகராத ஒரு முன்னேற்றப் பட்டை போட்டேன். என் லேப்டாப்பில் அழகாக ஓடியது. வெளியீட்டைக் கோப்பில் சேமித்து மேடத்திடம் கொடுத்தபோது, கோப்பு முழுக்க [ 2 கே, [ 1 ஜி என்று குப்பை. தோழியின் பழைய விண்டோஸ் கணினியில் திரையிலேயே ஓர் அம்புக்குறியும் அடைப்புக்குறியுமாக வந்தது.

முப்பந்தல்காற்று · ஞாயிறு, காலை 10:50

தங்கச்சி, கோப்புக்குக் கர்சர் கிடையாது. நீ அனுப்பிய கட்டளையை அது எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொண்டது. அனுப்புவதற்கு முன் மறுமுனையில் இருப்பது டெர்மினல்தானா என்று கேட்க வேண்டும். பைத்தானில் வெளியீட்டின் மேல் ஈஸ்ஏடிடிஒய் என்று கூப்பிட்டால் ஆம், இல்லை என்று சொல்லும். இல்லை என்றால் பட்டையெல்லாம் வேண்டாம், சாதாரண வரியாக எழுது.

விண்டோஸ் கன்சோலுக்கு இந்த வரிசைகள் புரிய ஆரம்பித்தது விண்டோஸ் 10இல்தான். அதிலும் நிரல் தானாகக் கேட்டு அந்த வசதியை இயக்க வேண்டியிருக்கும். புதிய விண்டோஸ் டெர்மினலில் அந்தத் தொல்லை இல்லை. பைத்தானில் ஓஎஸ் சிஸ்டத்தை வெற்றுச் சரத்தோடு ஒருமுறை கூப்பிட்டால் கன்சோலில் வேலை செய்ய ஆரம்பிக்கும் என்று ஒரு குறுக்கு வழி சுற்றுகிறது. வேலையும் செய்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் டிவியைத் தட்டிப் படம் வரவைக்கிற மாதிரித்தான் இருக்கும்.

குளச்சல்கட்டுமரம் · ஞாயிறு, மதியம் 1:35

ஏன் மக்கா இவ்வளவு பாடு? கர்சஸ் என்ற நூலகம் பைத்தானோடு சேர்ந்தே வருகிறதே. விஐ எடிட்டருக்காக பில் ஜாய் எழுதிய கர்சர் நகர்த்தும் பகுதியிலிருந்து கென் அர்னால்ட் பிரித்துச் செய்த பொருள், பெர்க்லி யூனிக்ஸோடு வந்தது. திரையில் இப்போது என்ன இருக்கிறது, அடுத்து என்ன இருக்க வேண்டும் என்று இரண்டு படத்தை வைத்துக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். முப்பந்தல் அண்ணன் சொன்ன சிக்கனம் எல்லாம் தானாக நடந்துவிடும்.

ஒரே எச்சரிக்கை. நடுவில் நிரல் செத்தால் டெர்மினல் குழம்பிக் கிடக்கும், தட்டுகிற எழுத்துகூடத் தெரியாது. பதறாமல் ரீசெட் என்று கண்ணை மூடித் தட்டி என்டர் அடி. ராப்பர் என்ற செயற்கூறுக்குள் வைத்து ஓட்டினால் அதுவும் தேவைப்படாது.

தோவாளைப்பிச்சி · ஞாயிறு, மாலை 6:48

கர்சஸ் பார்த்தேன். ஒன்பது வரிக்கு அது வேண்டாம் என்று தோன்றியது, கையாலேயே எழுதுகிறேன். மறுபடி பிரிண்டுக்கு மாறி ஃப்ளஷ் போட்டதும் பலகை உயிர் பெற்றுவிட்டது. ஆனால் மூன்று தொல்லை மிச்சம்.

முதலாவது, ஐந்து வினாடிக்கு ஒருமுறை பலகை ஒரு வரி மேலே ஏறுகிறது. இரண்டாவது, மாமாவுக்கு அந்த மினுங்குகிற கட்டை ஆகவில்லை, "அந்தப் பூச்சியை எடு" என்கிறார்.

மூன்றாவதுதான் தலைவலி. பூவின் பெயருக்குப் பின்னால் இடைவெளி சேர்த்து 15 ஆக்க எல்ஜஸ்ட் 15 போட்டு, அடுத்து விலை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் பெயர் போட்டுச் சோதித்தபோது விலைகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. தமிழில் போட்டதும் அரளியின் விலை சரியான இடத்தில், பிச்சியின் விலை ஒரு கட்டம் இடப்பக்கம், சம்பங்கியின் விலை இரண்டு கட்டம் இடப்பக்கம். குடித்துவிட்டு நடந்த மாதிரி இருக்கிறது.

பழையடர்போ · ஞாயிறு, இரவு 7:30

பேசாமல் பெயரை ஆங்கிலத்திலேயே போட்டுவிடு. டெர்மினலில் தமிழ் என்றைக்கும் தொல்லைதான்.

குழித்துறைமாணவி · ஞாயிறு, இரவு 7:41

சார், தோவாளைச் சந்தையில் ஆங்கிலத்தில் பிச்சிப்பூ விலை எழுதி வைத்தால் யார் நின்று படிப்பார்கள்?

முப்பந்தல்காற்று · ஞாயிறு, இரவு 9:15

சின்னது இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். பலகை ஏறுவதற்குக் காரணம், கடைசி வரியில் நின்றுகொண்டு பிரிண்ட் போடுகிற புதுவரி. கர்சர் திரையின் அடிவரியில் இருக்கும்போது புதுவரி வந்தால் டெர்மினலுக்கு இறங்க இடம் இல்லை, எல்லாவற்றையும் ஒரு வரி மேலே தள்ளும். பிரிண்டின் முடிவை வெற்றுச் சரமாக்கு. கர்சரின் இடத்தைச் சேமித்து மீட்க எஸ்கேப் 7, எஸ்கேப் 8 என்று இருக்கிறது, அதற்கும் இதே ஆபத்து உண்டு. அது சேமிப்பது திரையின் இடத்தைத்தான். நடுவில் திரை ஏறிவிட்டால் வேறு வரியில் கொண்டுபோய் விடும்.

பூச்சியை மறைக்க எஸ்கேப் [ ? 25 சின்ன எல். திரும்பக் காட்ட கடைசியில் சின்ன எச். கவனம், இங்கே எச் சின்னது, இடம் மாற்றுகிற எச் பெரியது. சின்ன எல் எழுத்தை எண் 1 என்று தட்டிவிட்டுத் தேடியவர்களும் உண்டு. கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினாலும் கர்சர் திரும்பி வரும்படி, நிரல் எப்படி முடிந்தாலும் ஓடுகிற ஃபைனலி பகுதியில் போட்டு வை, இல்லாவிட்டால் நிரல் போன பிறகும் கர்சர் வராது.

மூன்றாவது. நீ பார்த்தது போதை அல்ல, கணக்கு. அரளியில் எத்தனை புள்ளி? ஒன்றும் இல்லை. பிச்சியில் ஒன்று. சம்பங்கியில் இரண்டு. உன் விலை நகர்ந்த கட்டமும் அதேதான்!

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் ச் என்பது ஓர் எழுத்து அல்ல. ச ஒரு குறி, மேலே வைக்கும் புள்ளி இன்னொரு குறி. எல்ஜஸ்ட் குறிகளை எண்ணுகிறது. சம்பங்கிக்கு அதன் கணக்கில் 8, ஆகவே 7 இடைவெளி சேர்த்து 15 ஆக்குகிறது. டெர்மினலோ திரையில் எத்தனை கட்டம் என்று எண்ணுகிறது. புள்ளி மேலே உட்கார்வதால் அதற்குக் கட்டம் கிடையாது. அதன் கணக்கில் சம்பங்கி 6 கட்டம், 7 இடைவெளி சேர்ந்தால் 13. இரண்டு குறைவு. உன் விலை 15க்குப் பதில் 13க்கு அடுத்து நிற்கிறது.

நம் ஊர் பெயரையே எடுத்துக்கொள். நாகர்கோவில் என்பதில் நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடுக்கு 11 குறி. அவற்றைப் பைட்டாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 33. டெர்மினலுக்கு 9 கட்டம். சி மொழியின் பிரிண்ட்எஃப் அகலம் கேட்டால் பைட்டை எண்ணும், பைத்தான் குறியை எண்ணும், டெர்மினல் கட்டத்தை எண்ணும், நம் பிள்ளைகள் எழுத்தை எண்ணுவார்கள். ஒரே பெயருக்கு நாலு விடை.

குளச்சல்கட்டுமரம் · ஞாயிறு, இரவு 10:05

நில்லுங்கள் அண்ணே. துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்குக்கு நானும் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்த்தேன். சாளை சரி. நெத்திலிக்கு ஒரு புள்ளி, ஒரு கட்டம் குறைவு. சரி. நெய்மீனுக்கு இரண்டு புள்ளிதானே? மூன்று கட்டம் குறைகிறது. உங்கள் கணக்கு உதைக்கிறதே.

முப்பந்தல்காற்று · ஞாயிறு, இரவு 10:40

நல்ல மீனைப் பிடித்தாய் மக்கா. மீ தான் காரணம்.

யூனிகோடில் ஒவ்வொரு துணைக்குறிக்கும் ஒரு வகை எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் பிடிக்கிற குறி ஒரு வகை, இடம் பிடிக்காமல் ஒட்டிக்கொள்கிற குறி இன்னொரு வகை. கால், கொம்பு எல்லாம் இடம் பிடிக்கும். இகரக் குறியும் அப்படித்தான். ஆனால் ஈகாரக் குறியைப் புள்ளியோடு சேர்த்து இடம் பிடிக்காத வகையில் வைத்துவிட்டார்கள். ஆகவே இந்தக் கணக்கில் மின் என்பது 3 கட்டம், மீன் 2 கட்டம். குறிலுக்கு இடம் உண்டு, நெடிலுக்கு இல்லை! இலக்கண ஆசிரியர் யாரும் இதைப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

இதோடு முடியவில்லை. எல்லா டெர்மினலும் இந்த அட்டவணையை ஒரே மாதிரி பின்பற்றுவதில்லை. சில புதியவை மீ, கோ போன்ற முழு எழுத்தையும் ஒரே கூட்டாக எடுத்து அகலம் கணக்கிடுகின்றன. பைத்தானில் அகலம் அளக்க டபிள்யூசிவிட்த் என்ற நூலகம் இருக்கிறது, அதுவே 0.2.9 பதிப்பில் தமிழ் உட்படப் பல மொழிகளின் குறிகளுக்குக் கணக்கை மாற்றியது. நூலகம் ஒரு கணக்கு சொல்லி, உன் டெர்மினல் வேறு கணக்கு வைத்திருந்தால் மறுபடியும் வளையும்.

அதனால் தம்பி, எண்ணுவதையே விட்டுவிடு. பெயரை எழுது, அகலம் எவ்வளவு என்று கவலைப்படாதே. உடனே எஸ்கேப் [ 20 பெரிய ஜி அனுப்பு. "இப்போது எங்கே இருந்தாலும் சரி, இதே வரியில் 20ஆம் நெடுவரிசைக்குப் போ" என்று அர்த்தம். பிறகு விலையை எழுது. அரளியோ சம்பங்கியோ, விலை 20இல்தான் தொடங்கும். பெயர் எழுதுவதற்கு முன் ஒரு கே போட்டு வரியைத் துடைத்துக்கொள், ஜி தாண்டிப் போகிற இடத்தில் பழைய எழுத்து அப்படியே இருக்கும், அழியாது.

குழித்துறைமாணவி · ஞாயிறு, இரவு 11:10

அண்ணா, பெயரின் அகலம் உண்மையிலேயே தெரிய வேண்டும் என்றால்? எனக்குப் பெயரைச் சுற்றிப் பெட்டி போட வேண்டும்.

முப்பந்தல்காற்று · ஞாயிறு, இரவு 11:32

டெர்மினலிடமே கேள். வரியின் தொடக்கத்தில் பெயரை எழுதிவிட்டு எஸ்கேப் [ 6 சின்ன என் அனுப்பு. கர்சர் எங்கே நிற்கிறது என்று அது பதில் எழுதும்: எஸ்கேப் [ வரி ; நெடுவரிசை பெரிய ஆர். நெடுவரிசையிலிருந்து 1 கழித்தால் அகலம். பதில் விசைப்பலகை வழியாக வருவது போலத்தான் உள்ளீட்டில் வரும், புதுவரி இல்லாமல். ஆகவே வரி முடியும் வரை காத்திருக்கும் வழக்கமான நிலையில் படித்தால் நிரல் மாட்டிக்கொண்டு நிற்கும். டிடிஒய் தொகுதியில், எழுத்தை வந்ததும் கொடுக்கிற சிபிரேக் நிலைக்கு மாற்றிவிட்டுப் படி, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பு. படிக்க மறந்தால், நிரல் முடிந்த பிறகு உன் ஷெல்லில் ஓர் எண்ணும் ஆரும் அனாதையாகக் கிடக்கும். அதைப் பார்த்தால் பயப்படாதே.

குளச்சல்கட்டுமரம் · திங்கள், காலை 6:10

நெய்மீன் நேரே நிற்கிறது. என்னுடையதில் பெயரைக் கடைசி நெடுவரிசைக்கு மாற்றிவிட்டேன். எடை, விலை எல்லாம் எண், அவை முன்னால். பெயர் எவ்வளவு நீண்டாலும் அதற்குப் பின்னால் வளைவதற்கு ஒன்றும் இல்லை.

தோவாளைப்பிச்சி · திங்கள், காலை 9:25

அதை மாமாவிடம் சொன்னேன். "விலையை மொதல்ல எழுதுனா எந்தப் பூவுன்னு எவனுக்குத் தெரியும்" என்று ஒரே போடு. ஆகவே 20 ஜிதான் போட்டிருக்கிறேன். நூல் பிடித்தது மாதிரி நிற்கிறது!

இன்னொன்றும் செய்தேன். பெயர்களைத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை எழுதுகிறேன். அப்புறம் ஐந்து வினாடிக்கு ஒருமுறை அந்தந்த வரியில் 20ஆம் நெடுவரிசைக்குப் போய் விலையை மட்டும் ஆறு கட்டத்தில் வலப்பக்கம் ஒதுக்கி எழுதுகிறேன். ஒரு பூவுக்கு 7 பைட் கட்டளை, 6 பைட் விலை. அண்ணனின் 9600 பாட் கேபிளில்கூட ஓடும்.

டெஸ்க்டாப் இல்லாமல் வெறும் கறுப்புத் திரையில் ஓட்டினால் பை இன்னும் வேகமாகத் தொடங்குமே என்று நேற்று இரவு முயன்றேன். பெயர் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது.

பழையடர்போ · திங்கள், காலை 10:00

அது நடக்காது. லினக்ஸின் வெறும் கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் வைக்கலாம். அது போகட்டும், கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கிற அறிவு அதற்குக் கிடையாது. கெ என்று நீ அனுப்பினால் க முன்னாலும் கொம்பு பின்னாலும்தான் வரும். டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு அதிலே டெர்மினலை முழுத்திரையாகத் திற.

ஆங்கிலத்தில் போடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். குழித்துறைப் பிள்ளைக்கு ஒரு சலாம்.

தோவாளைப்பிச்சி · புதன், காலை 11:50

இன்று விடியற்காலை முதல் முறையாகக் கடையில் வைத்தோம். தூரத்திலிருந்து தெரிய எழுத்தைப் பெரிதாக்கினேன், அதோடு வந்தது வினை. 80 நெடுவரிசை 38 ஆகச் சுருங்கிவிட்டது. கனகாம்பரம் வரியில் கிலோ, குறிப்பு எல்லாம் சேர்ந்து நீளமாகி அடுத்த வரிக்கு மடிந்து, கீழே இருந்த தாமரையின் மேல் ஏறிவிட்டது. தாமரை வேறு எண்ணிக்கைக் கணக்கு, கிலோ இல்லை. தாமரை வாங்க வந்தவர் கனகாம்பரத்தின் வாலைப் பார்த்துவிட்டு மாமாவிடம் சண்டைக்குப் போனார்.

முப்பந்தல்காற்று · புதன், மதியம் 12:30

எஸ்கேப் [ ? 7 சின்ன எல். வரி மடிவதை நிறுத்திவிடும். நீளமானது திரையின் ஓரத்திலேயே நின்றுபோகும், அடுத்த வரியைத் தொடாது. முடிக்கும்போது சின்ன எச் போட்டுத் திருப்பி வை. திரையின் அளவைத் தொடக்கத்தில் ஷட்டில் தொகுதியிடம் கேட்டு, 40க்குக் கீழே என்றால் குறிப்பு நெடுவரிசையையே விட்டுவிடு.

விலை மாறிய பூவை ஐந்து வினாடி தலைகீழ் நிறத்தில் காட்டினால் வியாபாரிகளுக்கு உதவும். விலைக்கு முன் எஸ்கேப் [ 7 சின்ன எம், பின்னால் எஸ்கேப் [ 0 சின்ன எம். பின்னால் இருப்பதை மறந்தால் பலகை முழுக்க வெள்ளையாகும்.

தோவாளைப்பிச்சி · வியாழன், காலை 10:15

செய்துவிட்டேன். தாமரை தன் வரியில் இருக்கிறது. விலை மாறும்போது கட்டம் வெளுக்கிறது, கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. மாமா சாக்பீஸ் டப்பாவை இன்னும் கல்லாவுக்குக் கீழேதான் வைத்திருக்கிறார், கரண்ட் போனால் வேண்டுமாம்.

குளச்சல்கட்டுமரம் · வியாழன், காலை 10:40

நிரலை இங்கே போடு மக்கா, நானும் மீனுக்குப் போட்டுக்கொள்கிறேன்.

தோவாளைப்பிச்சி · வியாழன், காலை 10:52

ஓணம் முடியட்டும். இப்போது போட்டால் நீ கேட்கிற கேள்விக்குப் பதில் எழுத நேரம் இல்லை, பிச்சி மூட்டை இறங்குகிறது.